ஐந்து மணிக்குப் பூட்டு, ஏழு மணிக்கு நாடகம்

சென்னை எழும்பூர் மியூசியம் தியேட்டருக்கு நாடகம் பார்க்க வருகிறவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். இதே மியூசிய வளாகத்துக்குள் இருக்கிற திருவாலங்காட்டு நடராஜரைப் பார்த்திருக்கிறீர்களா? நான் கேட்டிருக்கிறேன், இடைவேளையில், கொஞ்சம் வம்புக்காகத்தான். "சின்ன வயசுல ஸ்கூல்ல கூட்டிட்டு வந்தாங்க" என்பதுதான் பெரும்பாலும் பதில். வருஷக்கணக்காக இதே வாசல் வழியாக நுழைந்து, நாடகம் பார்த்துவிட்டு, வாசலிலேயே நின்று அதை அக்குவேறு ஆணிவேறாக அலசிவிட்டு வீட்டுக்குப் போகிறவர்கள் இவர்கள். வண்டியை நிறுத்துகிற இடத்திலிருந்து பொடிநடையாகப் போனால் வந்துவிடுகிற தூரத்தில் உலகமே பேசுகிற சிலை இருக்கிறது. ஆனால் காட்சிக்கூடங்களை மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள், நாடகம் பெரும்பாலும் 7 மணிக்குத்தான் தொடங்கும். பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வெளியூர்க்காரர்களும், ராத்திரியில் நாடகக் கூட்டம். ஒரே வாசலைப் பயன்படுத்துகிற இந்த இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டதே கிடையாது.

மியூசியத்தை நிகழ்ச்சிகளுக்கு விடலாமா கூடாதா என்று பேச்சு வந்தால் உடனே இரண்டு கட்சி கட்டிவிடுகிறார்கள். பொக்கிஷம் இருக்கிற இடத்தில் மைக் செட்டா என்று ஒரு கட்சி. ஆளே வராத இடம், வாடகையாவது வரட்டுமே என்று இன்னொரு கட்சி. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் எனக்கு இரண்டிலும் சேர மனசில்லை. நிகழ்ச்சி தாராளமாக நடக்கட்டும். நிகழ்ச்சிக்கு வந்தவரை உள்ளே கூட்டிப்போய் நாலு சிலையைக் காட்டாமல் அனுப்புவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் கட்சிக்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எழும்பூர் மியூசியம் இருக்கிற இடமே ஆதியில் கேளிக்கை நடத்திய இடம்தான். பாந்தியன் சாலை என்று தினமும் சொல்கிறோமே, அந்தப் பாந்தியன் என்பது இங்கே இருந்த மாளிகையின் பெயர். 1778ல் ஒரு கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) அதிகாரிக்கு 43 ஏக்கர் நிலம் கொடுத்தார்கள். அவர் 1793ல் அதை 24 பேர் கொண்ட ஒரு குழுவிடம் ஒப்படைத்தார். அந்தக் குழுவுக்கு என்ன வேலை தெரியுமா, ஊரின் பொதுக் கேளிக்கைகளை நடத்துவது. விருந்து, நடனம், நாடகம், சீட்டாட்டம், இதற்கென்று ஒரு கமிட்டி! (நம் ஊர் சபாக்களின் கமிட்டிச் சண்டைகளுக்கு அப்போதே பிள்ளையார் சுழி போட்டாகிவிட்டது என்று எனக்கு ஒரு சந்தேகம்.) 1821ல் ஒரு ஆர்மீனிய வியாபாரி அந்த மாளிகையை வாங்கினார், 1830ல் அரசாங்கத்துக்கே திரும்ப விற்றார். கொஞ்ச காலம் அது கலெக்டர் கச்சேரியாக, அதாவது கலெக்டர் ஆபீஸாக, இருந்தது.

மியூசியம் தொடங்கியது 1851ல், வேறு இடத்தில், நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில். மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி கொடுத்த 1100 கல், தாதுப்பொருள் மாதிரிகள்தான் அதன் முதல் சொத்து. எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ டாக்டர்தான் முதல் பொறுப்பாளர். 1854ல் பாந்தியனுக்குக் குடி வந்தார்கள். பால்ஃபர் சும்மா இருக்கிற ஆளாகத் தெரியவில்லை. கல்லையும் எலும்பையும் மட்டும் வைத்தால் ஜனங்கள் வர மாட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, 1855ல் மியூசியத்துக்குள்ளேயே மிருகக்காட்சி சாலை ஒன்றைத் தொடங்கிவிட்டார். கூட்டம் வந்தது. மிருகங்களும் பெருகின, பிறகு அவற்றை மூர் மார்க்கெட் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றினார்கள், அந்த மிருகக்காட்சி சாலைதான் 1985ல் வண்டலூருக்குப் போனது. பழைய மெட்ராஸ்காரர்கள் மியூசியத்தைச் செத்த காலேஜ் என்றும் மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ் என்றும் சொல்வார்கள், எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயில் இன்னமும் அப்படித்தான் வரும்.

ஆக, கூட்டம் சேர்ப்பது இந்த இடத்துக்குப் புதிதில்லை. காணும் பொங்கலன்று போய்ப் பாருங்கள், திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே குடும்பம் குடும்பமாக அண்ணாந்து நிற்பார்கள், பிள்ளைகள் போடுகிற சத்தத்தில் காவலருக்குப் பாதி உயிர் போய்விடும். அந்த ஒரு நாள் பார்த்தால் சென்னைக்காரனுக்கு மியூசியம் பிடிக்காது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவன் திருவிழா மாதிரி ஒன்று இருந்தால் வருகிறான், அவ்வளவுதான்.

தியேட்டருக்கு வருகிறேன். 1896ல் கட்டியது, கன்னிமாரா நூலகத்துக்கும் அதே வருஷம்தான் திறப்பு விழா. ஹென்றி இர்வின் வடிவமைத்தார். வட்டமான கட்டடம், வெளியே இருந்து பார்க்கச் செக்கச்செவேலென்று இருக்கும், உள்ளே மேடையைச் சுற்றி அரைவட்டமாக இருக்கைகள் சரிந்து இறங்கும். எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் நடிகரின் முகம் கிட்டத்தில் தெரிகிற மாதிரி ஒரு அமைப்பு. பெரிய ஏசி அரங்கங்களில் எனக்குக் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும், நடிகர் மூச்சு வாங்குவது கேட்கும். மெட்ராஸ் ப்ளேயர்ஸ் 1955லிருந்து நாடகம் போடுகிற குழு, அவர்களுக்கு இது கிட்டத்தட்டப் பிறந்த வீடு மாதிரி. தமிழ் நவீன நாடகக்காரர்களும் இங்கே மேடையேறிக்கொண்டுதான் இருக்கிறார்கள். விளக்கணைந்ததும் ஒரு இருமல், ஒரு செல்போன் மணி, அப்புறம் முழு நிசப்தம். அந்த நேரத்தில் பக்கத்துக் கட்டடத்தில் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் எல்லாம் இருட்டில் பூட்டிக் கிடக்கின்றன என்ற நினைப்பு எனக்கு வராமல் இருப்பதில்லை.

செப்புத் திருமேனிகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயிலில் உற்சவரை நாம் எப்படிப் பார்க்கிறோம்? பட்டு, நகை, மாலை, அதற்கு மேல் இன்னொரு மாலை. முகமும் ஒரு கையும் தெரிந்தால் பெரிய விஷயம். மியூசியத்தில் அலங்காரம் எதுவும் கிடையாது. வார்த்த ஸ்தபதி கடைசியாகப் பார்த்தபடியே நாமும் பார்க்கிறோம். அதைவிட முக்கியம், முதுகைப் பார்க்கலாம். கோயிலில் சாமியின் முதுகை யார் பார்த்திருக்கிறார்கள்? சுற்றி வந்து பின்பக்கம் நின்றால், பூணூல் தோளிலிருந்து இறங்கி வளைகிற விதமும், சடையின் பின்னலும், தலைக்குப் பின்னால் உள்ள சிரச்சக்கரமும் தெரியும். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் அந்த ஸ்தபதி பின்பக்கத்தை முன்பக்கம் போலவே செய்திருக்கிறார். திருவெண்காட்டு அர்த்தநாரியை முன்னால் இருந்து மட்டும் பார்த்துவிட்டு வந்தவர்கள் தயவுசெய்து இன்னொரு தடவை போங்கள்.

திருவாலங்காட்டு நடராஜர் இன்னும் விசேஷம். காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து போன அதே திருவாலங்காடுதான். நாம் காலண்டரில் பார்த்துப் பழகிய நடராஜருக்குச் சுற்றிலும் திருவாசி இருக்கும், சடை இரண்டு பக்கமும் விரிந்து பறக்கும். இவருக்கு இரண்டும் இல்லை. வட்டமும் இல்லை, பறக்கிற சடையும் இல்லை, வெறும் உடம்பு மட்டும் ஆடுகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோடன் மெட்ராஸ் மியூசியத்து நடராஜர்களின் போட்டோக்களைப் பார்த்துவிட்டு உருகி உருகி ஒரு கட்டுரை எழுதினார், அவர் இறந்த பிறகு 1921ல் அது வெளிவந்தது. மனுஷன் சிலையை நேரில் பார்க்கவே இல்லை, போட்டோவுக்கே அந்தப் பாடு. நமக்கோ அண்ணாசாலையிலிருந்து ஆட்டோ பிடித்தால் போதும்.

என் பெரியம்மாவைத் திருவாரூரிலிருந்து வந்திருந்தபோது ஒரு தடவை கூட்டிப் போனேன். கூடத்தின் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டார். "இங்கே கழற்ற வேண்டாம் பெரியம்மா" என்றேன். "நீ சும்மா இரும்மா, உள்ள யாரு இருக்காங்கன்னு உனக்குத் தெரியாதா" என்றார். அப்புறம் ஒவ்வொரு சிலை முன்னாலும் நின்று, இவர் எந்த ஊர், இவர் எந்த ஊர் என்று விசாரித்துக்கொண்டே வந்தார், கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டு ஆட்களை விசாரிக்கிற தோரணையில். நான் பலகையைப் படித்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர் ஒன்று வந்ததும், "இவரு எதுக்கு இங்க வந்து நிக்கறாரு, அங்க திருவிழா யாரு நடத்தறா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை, உண்மையில் அதற்கு நல்ல பதில் இருப்பதாகவும் தோன்றவில்லை.

ஏனென்றால் இந்தத் திருமேனிகள் செய்யப்பட்டதே வெளியே போவதற்காகத்தான். மூலவர் கருவறையில் இருப்பார், உற்சவர்தான் வீதியுலா போவார். பீடத்தைக் கவனித்துப் பாருங்கள், ஓரங்களில் துளையோ வளையமோ இருக்கும், தண்டு கோர்த்து, கயிறு கட்டித் தூக்குவதற்கு. பறையும் நாதஸ்வரமும் தீவட்டியும் கூட்டமுமாகத் திருவிழாவுக்கென்றே பிறந்தவர்கள். ஏதோ ஒரு காலத்தில் படையெடுப்புக்குப் பயந்து மண்ணுக்குள் புதைத்து வைத்தார்கள், புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை. நூற்றாண்டுகள் கழித்து யாராவது அஸ்திவாரம் தோண்டும்போதோ ஏர் ஓட்டும்போதோ டங்கென்று ஒரு சத்தம். தரைக்கடியில் கிடைத்ததைக் கலெக்டரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 1878ல் வந்த புதையல் சட்டம் சொல்கிறது, அந்த வழியாகத்தான் இவர்களில் ரொம்பப் பேர் எழும்பூர் வந்து சேர்ந்தார்கள். இவர்கள் முன்னால் பாட்டுச் சத்தமே கேட்கக் கூடாது என்று ஒருவர் சொல்லும்போது எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு அவர்கள் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். செம்பு கலந்த சிலைகளுக்கு ஒரு நோய் உண்டு. மண்ணில் கிடந்தபோது ஏறிய உப்பு, காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து வெளிர்பச்சைப் பொடியாகப் புள்ளி புள்ளியாகக் கிளம்பும், விட்டால் சிலையைத் தின்றுகொண்டே போகும். கடற்கரை ஊரில், நம் ஊர் புழுக்கத்தில், இது விளையாட்டில்லை. இதற்காகவே 1930ல் எழும்பூர் மியூசியத்தில் ரசாயனப் பாதுகாப்புக் கூடம் ஒன்றைத் தொடங்கினார்கள். பரமசிவன் என்ற வேதியியலாளர் மின்பகுப்பு முறையில் சிலைகளைச் சுத்தம் செய்கிற வேலையை அங்கேதான் செய்தார். இந்தியாவில் இந்தத் துறைக்கே அவர்தான் முன்னோடி. நூறு பேர் ஒரு கூடத்தில் நின்று மூச்சு விட்டாலே ஈரப்பதம் ஏறும். துணிக்கும் ஓலைக்கும் ஓவியத்துக்கும் வெளிச்சமே எதிரி. பெரிய ஸ்பீக்கர் அதிர்வில் பழைய கண்ணாடிப் பெட்டி கடகடப்பதை நான் கேட்டிருக்கிறேன், எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. ஒரு பழைய மாளிகையில் கம்பெனி விருந்து. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட மரத்தூணின் அடிப்பீடத்தில் ஒருவர் சாம்பார் கிண்ணத்தை வைத்துவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன், "ஸாரி மேடம்" என்று எடுத்தார், வட்டமாகக் கறை நின்றது. அந்த மாளிகையின் கதையைப் பற்றி அன்று மேடையில் ஒருத்தர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களுக்கு அது பின்னணித் திரை, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் எந்த நிகழ்ச்சி என்றாலும் இந்த ஒரு கணக்கில்தான் பார்க்கிறேன்: இதைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தால் ஏதாவது குறையுமா? குறையாது என்றால் மண்டபத்திலேயே வைத்துக்கொள்ளட்டும்.

செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற கோட்டை மியூசியமும் எழும்பூர் மாதிரிதான், ஆதியில் கூட்டம் கூடிய இடம். 1795ல் கட்டி முடித்த அந்தக் கட்டடம் வியாபாரிகள் கூடுகிற எக்ஸ்சேஞ்சாக இருந்தது, கீழே சரக்கு ஏலம், மாடியில் நீளமான கூடம், கப்பல் எப்போது வரும் என்ற பேச்சு. 1796லிருந்து 1844 வரை மெட்ராஸின் முதல் கலங்கரை விளக்கம் இதன் மொட்டைமாடியில்தான் எரிந்தது. மியூசியமாகத் திறந்தது 1948 ஜனவரியில். கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸின் சிலை ஒன்று பிரம்மாண்டமாக நிற்கும், அதன் பீடத்தில் திப்புவின் பிள்ளைகளைப் பணயமாக ஒப்படைக்கிற காட்சியைச் செதுக்கியிருப்பார்கள். சிலையை எல்லோரும் பார்க்கிறார்கள், பீடத்தைக் குனிந்து பார்க்கிறவர்கள் குறைவு. 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியும் இங்கே இருக்கிறது, அதற்காகவே ஒரு தடவை போகலாம். தலைமைச் செயலகம் பக்கத்திலேயே இருப்பதால் வாசலில் போலீஸ் சோதனை உண்டு, அதைப் பார்த்தே பாதிப் பேர் திரும்பிவிடுகிறார்கள். பயப்பட வேண்டாம், மியூசியம் என்று சொன்னால் விடுவார்கள்.

நிகழ்ச்சியையும் காட்சியையும் பிரிக்கவே முடியாதபடி வைத்திருக்கிற இடம் என்றால் முட்டுக்காட்டில் இருக்கும் தக்ஷிணசித்ராதான். 1996ல் திறந்தார்கள், டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் நடத்துகிறது. ஆரம்ப வடிவமைப்பு கட்டடக் கலைஞர் லாரி பேக்கருடையது. இடிக்கப் போகிற பழைய வீடுகளை ஊர் ஊராகப் போய் வாங்கி, கல் கல்லாக, உத்தரம் உத்தரமாகப் பிரித்து லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, கர்நாடகத்து நெசவாளர் வீடு, அக்ரகாரத்து வீடு. அங்கே பொம்மலாட்டம் பார்க்கப் போனால் ஒரு முற்றத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், மட்பாண்டம் செய்யக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தால் குயவர் வீட்டுத் திண்ணைதான் வகுப்பு. என் அக்கா மகன் சக்கரத்தில் பானை செய்கிறேன் என்று தட்டு மாதிரி ஒன்றைச் செய்துவிட்டு, "சித்தி, இந்த வீட்டுல ஃபேன் எங்க?" என்று கேட்டான். மேலே முற்றத்தைக் காட்டினேன். அவனாகவே சுவரைத் தொட்டுப் பார்த்தான், சில்லென்று இருந்தது. அதற்கு மேல் நான் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அங்கேயும் கல்யாண போட்டோகிராபர்கள் வந்து பொண்ணு மாப்பிள்ளையைத் தூணுக்குத் தூண் சாய வைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், சில ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கேமரா கூட்டத்தைத் தாண்டி நடப்பதே பெரும்பாடு. ஆனாலும் அந்த ஜோடி அன்றைக்கு ஒரு செட்டிநாட்டு வீட்டின் வளவை, அந்த உள்முற்றத்தை, பார்த்துவிட்டுத்தானே போகிறது.

முட்டுக்காட்டுக்குப் போகிற அதே ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம். 1966ல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் கைவினைப் பொருட்கள் விற்ற காசில் நிலம் வாங்கி உண்டாக்கியது. மெட்ராஸ் ஓவிய இயக்கத்தின் படைப்புகளுக்கென்று அங்கே தனி மியூசியம் இருக்கிறது. வார நாளில் போனால் உங்களையும் ஓவியங்களையும் தவிர வேறு ஆள் இருக்காது. பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கத்து ரயில் மியூசியம் பிள்ளைகளோடு போவதற்கு, குட்டி ரயில் ஓடும்போது அப்பாக்கள்தான் அதிகம் கத்துகிறார்கள். எழும்பூர் பழைய கமிஷனர் ஆபீஸில் 2021ல் போலீஸ் மியூசியம் திறந்தார்கள், கட்டடத்துக்காகவே பார்க்கலாம்.

பூட்டிக் கிடந்த கட்டடத்தை ஒரு நிகழ்ச்சி திறந்துவிட்ட கதையும் நம் ஊரில் உண்டு. கடற்கரைச் சாலையில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸ், கட்டடக் கலைஞர் சிஷோம் கட்டியது, 1879ல் முடித்தார்கள். பஸ்ஸில் போகும்போது அண்ணாந்து பார்ப்பதோடு சரி, உள்ளே போனவர்கள் சொற்பம். 2019ல் சென்னை போட்டோ பியனாலே என்ற புகைப்படத் திருவிழாவுக்காக அதற்குள் புகைப்படங்களை மாட்டினார்கள். படம் பார்க்க வந்த பாதிப் பேர் படத்தை விட்டுவிட்டுக் கூரையையும் கண்ணாடி வேலைப்பாட்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நானும்தான். மண்டபத்தில் வைத்திருந்தால் நிச்சயம் ஏதோ குறைந்திருக்கும்.

மறுபடியும் எழும்பூருக்கு வருகிறேன், ஏனென்றால் மனத்தாங்கல் அங்கேதான். அமராவதிக் கூடம் இருக்கிறதே, ஆந்திராவின் அமராவதி ஸ்தூபத்திலிருந்து வந்த சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். 1845ல் வால்டர் எலியட் என்ற கும்பினி அதிகாரி தோண்டி எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார், பல வருஷம் வெயிலிலும் மழையிலும் வெட்டவெளியில் கிடந்தன. அதில் 121 கற்கள் கப்பலேறி லண்டன் போய், இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளிக்கிழமைகளில் ராத்திரி 8.30 மணி வரை திறந்திருக்கிறது. எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை! அதே ஸ்தூபத்துக் கல்லைப் பார்க்க ஆபீஸ் முடிந்து போகலாம், ஆனால் லண்டன் ஆபீஸாக இருக்க வேண்டும்.

ஐந்து மணிக்கு மூடுகிற மியூசியத்துக்கு யார் போக முடியும்? விடுமுறையில் இருக்கிற பிள்ளைகள், ரிட்டயர் ஆனவர்கள், ஊர் சுற்ற வந்தவர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனி, ஞாயிறுதான். அந்த இரண்டு நாளில் துணி துவைக்க வேண்டும், கல்யாணத்துக்குப் போக வேண்டும், தூங்க வேண்டும். அதனால் அரசாங்கத்துக்கு நான் சொல்ல நினைப்பது ரொம்பச் சின்னது. தியேட்டரில் நாடகம் இருக்கிற நாளில் மட்டும், எல்லாக் கூடமும் வேண்டாம், செப்புத் திருமேனிக் கூடத்தை மட்டும் 7 மணி வரை திறந்து வையுங்கள். நாடக டிக்கெட்டோடு சேர்த்து ஒரு சின்னத் தொகை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு முப்பது பேர், அதற்கு மேல் விட வேண்டாம், ஈரப்பதக் கணக்கும் சரியாக இருக்கும். ஒருவர் கால் மணி நேரம் பேசட்டும், மைக் வேண்டாம். காவலர்களுக்குக் கூடுதல் ஷிஃப்ட், அதற்குக் காசு ஆகும், தெரியும். அந்தக் காசை வாடகையிலிருந்து எடுக்கலாம்.

அப்புறம் கேன்டீன். சிரிக்காதீர்கள். மார்கழியில் சபாவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் கச்சேரிக்காகப் போகிறார்கள், எத்தனை பேர் அடைக்கும் அசோகா அல்வாவுக்கும் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு தப்பும் இல்லை, அல்வாவுக்குப் போனவன் காதிலும் ஒரு காம்போதி ராகம் விழுகிறது. ஒரு நிகழ்ச்சியைச் சுற்றி ஒரு சாயங்காலத்தையே எப்படி உருவாக்குவது என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நல்ல ஃபில்டர் காபி, சூடாக ஒரு பஜ்ஜி, உட்கார நாலு நாற்காலி, கூடங்களை விட்டுத் தள்ளி, மரத்தடியில் போட்டால் போதும்.

ஊரின் பிறந்த நாளான மெட்ராஸ் டே சமயத்தில், ஆகஸ்ட் 22ஐ ஒட்டி, ஊர் முழுக்க நடையும் பேச்சுமாக இருக்கும். 2004ல் சின்னதாகத் தொடங்கியது, இப்போது ஒரே நேரத்தில் நாலு இடத்தில் நடக்கிறது, எதற்குப் போவது என்று திண்டாட வேண்டியிருக்கிறது. மே 18 உலக அருங்காட்சியக தினம், நவம்பர் 19லிருந்து 25 வரை பாரம்பரிய வாரம். சிலையைப் பக்கத்தில் நின்று விளக்கிக் கேட்க வேண்டும் என்றால் அந்த நாட்களில் என்ன நடக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பொன்னில் மெழுகு வார்ப்பு எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு ஸ்தபதி, அந்த மெழுகைக் கையில் உருட்டிக்கொண்டே விளக்கியதை ஒரு தடவை கேட்டேன். மெழுகில் முழுச் சிலையையும் செய்துவிட்டு, மேலே வண்டல்மண் பூசி, சுட்டு, மெழுகை ஓடவிட்டு, அந்தக் கூட்டுக்குள் உலோகத்தை ஊற்றி, கடைசியில் கூட்டை உடைக்க வேண்டும். ஒரு கூட்டுக்கு ஒரே சிலை, சரியாக வரவில்லை என்றால் முதலிலிருந்து. அதைக் கேட்டுவிட்டு நடராஜரின் தூக்கிய காலைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, இதை வார்த்த அன்று அந்த மனுஷன் எப்படிச் சாப்பிட்டிருப்பான் என்று.

போகிறவர்களுக்கு: எழும்பூரும் கோட்டையும் வெள்ளிக்கிழமை கிடையாது, தக்ஷிணசித்ரா செவ்வாய்க்கிழமை கிடையாது. சனி, ஞாயிறில் மியூசியம் தியேட்டரில் நாடகம் இருந்தால் மதியம் 3 மணிக்கே போய்விடுங்கள். முதலில் திருமேனிகள், நேரம் மீந்தால் அமராவதி, ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழிகளும், பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆய்வாளரின் சேகரிப்பும் அடுத்த தடவைக்கு இருக்கட்டும், எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்தால் தலைவலிதான் மிஞ்சும். ஐந்து மணிக்கு வெளியே அனுப்பிவிடுவார்கள். 7 மணி வரை என்ன செய்வது என்பதற்கு இப்போதைக்கு என்னிடம் பாந்தியன் சாலை டீக்கடையைத் தவிர வேறு யோசனை இல்லை. இஞ்சி டீ சுமார், மசால்வடை நன்றாக இருக்கும்.